எதிரொலியை நம்பிய கப்பல்

குஜராத்தின் தென்கரையை ஒட்டிய தியூ தீவில், சக்கரதீர்த்தக் கடற்கரையருகே அரபிக் கடலைப் பார்த்திருக்கும் சிறு குன்றின்மேல், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு போர்க்கப்பலின் மாதிரி வைக்கப்பட்டுள்ளது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் 9 இரவு, அங்கிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரியையும், அதனுடன் மாண்ட 18 அதிகாரிகளையும் 176 மாலுமிகளையும் நினைவுகூர எழுப்பப்பட்ட சின்னம் இது. இங்கு வருவோர் பெரும்பாலும் கேட்டறிவது, கப்பலை விட்டு அகலாமல் அதனோடு மூழ்கி, மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் பெற்ற கேப்டன் மகேந்திரநாத் முல்லாவின் தீரத்தைத்தான், அது முறையே. எனினும், குக்ரி எத்தகைய கப்பல், அது ஏன் வீழ்ந்தது என்பது விளங்க வேண்டுமானால், மேல்தளத்தை விட்டு நீர்க்கோட்டுக்குக் கீழே கருத்தைச் செலுத்த வேண்டும்.

குக்ரி, பிரிட்டனில் கட்டப்பட்டு 1958-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த பிளாக்வுட் வகை ஃபிரிகேட். ஃபிரிகேட் என்பது பிற கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் நடுத்தரப் போர்க்கப்பல். செலவைக் குறைக்கும் நோக்கில் பீரங்கிகளைச் சிறிதாக்கி, நீர்மூழ்கி வேட்டை என்ற ஒரே பணிக்காக வடிவமைக்கப்பட்ட இவ்வகைக் கப்பல்களில், வெடிகுண்டுகளை ஏறத்தாழ 900 மீட்டர் வரை கடலுக்குள் வீசும் 'லிம்போ' என்னும் முக்குழல் குண்டெறி கருவிகள் இரண்டு பின்பகுதியில் பொருத்தப்பட்டிருந்தன. எங்கே வீசுவது என்று அவற்றுக்குச் சொல்ல வேண்டியது, கப்பலின் அடியில் இருந்த சோனார்.

ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பி, எதிர்ப்படும் பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அப்பொருளின் திசையையும் தொலைவையும் கணிக்கும் கருவியே சோனார். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நீர்மூழ்கியின் எதிரொலி இரண்டே முக்கால் நொடிக்குள் திரும்பிவிடும். கணக்கு எளிதுதான், கடல்தான் அதற்கு ஒத்துழைப்பதில்லை. மேலே வெதுவெதுப்பாகவும் கீழே குளிர்ந்தும் இருக்கும் நீரில் ஒலி நேராகச் செல்லாமல் கீழ்நோக்கி வளைவதால், அது எட்டாத நிழற்பகுதிகள் உண்டாகின்றன. அங்கே நீர்மூழ்கி பதுங்கிக்கொள்ளலாம். மேலும், கப்பலிலிருந்து புறப்படும் துடிப்பு போய்த் திரும்ப வேண்டியிருக்க, நீர்மூழ்கிக்கு அது ஒருமுறை வந்து சேர்ந்தாலே போதும் என்பதால், தேடுபவரின் இருப்பைத் தேடப்படுபவர் முன்னதாகவே அறிந்துவிடுகிறார். கப்பல் விரைந்து சென்றால் அதன் சொந்த இரைச்சலே எதிரொலியை அமுக்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. மெதுவாகச் சென்றாலோ டார்பிடோவுக்கு, அதாவது நீருக்கடியில் பாயும் வெடிகலத்துக்கு, அது எளிய இலக்காகிவிடும்.

அன்றிரவு குக்ரி மெதுவாகவே சென்றது. வானொலிச் சமிக்ஞையால் தன் இருப்பைக் காட்டிக்கொடுத்த பாகிஸ்தானிய நீர்மூழ்கியைத் தேடி, துணைக்கப்பலான கிர்பானுடன் பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட அக்கப்பலில், சோனாரின் கேட்புத் தொலைவைக் கூட்டும் சோதனைக் கருவி ஒன்று இயக்கப்பட்டது. வேகத்தைக் குறைக்க அதுவும் ஒரு காரணம். எதிரே இருந்த ஹாங்கோர், பிரெஞ்சுத் தயாரிப்பான டாஃப்னே வகையைச் சேர்ந்த புதிய நீர்மூழ்கி. ஒலி எதையும் எழுப்பாமல் கேட்பதால் மட்டுமே கப்பல்களை வெகுதொலைவிலிருந்து கண்டறியும் கருவிகள் அதில் இருந்தன. கிர்பானை நோக்கி அது ஏவிய முதல் டார்பிடோ வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியைத் தாக்க, சில நிமிடங்களுக்குள் கப்பல் மூழ்கியது. மறுநாள் ஐ.என்.எஸ். கச்சால் 67 பேரை மீட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரிதான். இத்தோல்விக்குத் தனிமனிதர் எவரையும் பொறுப்பாக்குவதைவிட, ஒரு தலைமுறை மூத்த கருவியைக் கொண்டு புதிய நீர்மூழ்கியை வேட்டையாட அனுப்பிய நிலைமையைச் சுட்டுவதே பொருத்தமாகும்.

ஹாங்கோர் இன்று கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. தியூவுக்கோ, 1989-இல் குக்ரி என்ற அதே பெயருடன் பணியில் சேர்ந்து 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற ஏவுகணைக் கப்பல் 2022 ஜனவரியில் நினைவுச்சின்னமாக வழங்கப்பட்டது. ஆனால் மேற்பரப்புக் கப்பல்களை ஏவுகணையால் தாக்குவதே அதன் முதன்மைப் பணி என்பதால், பழைய குக்ரியின் தொழிலை அறிய விரும்புவோர் குன்றின் மேலுள்ள மாதிரிக்குத் திரும்பி, அதன் பின்தளத்தில் குண்டெறி கருவிகளுக்குரிய இடத்தைத் தேடிப் பார்ப்பதே பயன்தரும்.