உரிமம் வேண்டாததும் ஆயுதமே!

திருவிழாக் கடைகளில் பலூன் சுட்டு மகிழ்ந்தவர்களுக்கு, 'ஏர்கன்' எனப்படும் காற்றுத் துப்பாக்கி ஒரு விளையாட்டுப் பொருளாகவே நினைவில் தங்கியிருக்கும். அதில் வெடிமருந்து இல்லை, பெருஞ்சத்தம் இல்லை, பெரும்பாலானவற்றுக்கு உரிமமும் வேண்டியதில்லை. இந்த மூன்றாவது காரணமே பலரையும் ஏமாற்றுகிறது.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. அந்த வரம்புக்குள் இருப்பதாலேயே அது ஆபத்தற்றது என்று பொருளாகிவிடாது. அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு 20 ஜூல் ஆற்றலுடன் வெளியேறினால், அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 280 மீட்டர். மனிதத் தோலைத் துளைக்க ஏறத்தாழ 100 மீட்டர் வேகமே போதுமானது. கண்ணுக்கு அதைவிடக் குறைவான வேகமே போதும். கடைகளில் கிடைக்கும் எல்லாத் துப்பாக்கிகளும் அந்த உச்ச வேகத்தை எட்டுவதில்லைதான். ஆனால், பாதி வேகமும் தோலைத் துளைக்கும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் காற்றுத் துப்பாக்கியால்தான். போட்டிக் களத்தில் அதை எவரும் விளையாட்டுப் பொருளாகக் கருதுவதில்லை. சுடாத வேளையில், குழலில் குண்டு இல்லை என்பதைக் காட்ட நிறமுள்ள பாதுகாப்பு இழை ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் தடுப்பு இருக்கும்.

மொட்டை மாடியில் காக்கையையோ குரங்கையோ குறிவைப்பவருக்கு அத்தகைய தடுப்பு ஏது? குறி தவறிய குண்டு அடுத்த தெருவையும் தாண்டிச் செல்லக்கூடும். சுவரில் பட்டுத் திரும்பவும் கூடும். அதனால் எவருக்கேனும் ஆபத்து நேர்ந்தால், உரிமம் தேவையில்லை என்ற வாதம் அவரைக் காக்காது. பிறர் உயிருக்கு ஊறு நேரும் வகையில் கவனக்குறைவாக நடப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 125-ஆம் பிரிவின்கீழ் குற்றம். மரணம் நேர்ந்தால் 106-ஆம் பிரிவு பொருந்தும்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதைப் பூட்டி வைப்பதும், குண்டுகளை வேறிடத்தில் வைப்பதும் பெரியவர்களின் பொறுப்பு. விபத்து நேரும்போது மற்றொரு தவறும் நிகழ்கிறது. காயத்தின் வாய் மிளகளவே இருப்பதால், மஞ்சள் பூசிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது. விலா எலும்புகளின் இடைவெளி வழியே குண்டு நுரையீரல் வரை செல்லக்கூடும். எனவே, குண்டை வெளியே எடுக்க முயலாமல், கண்ணில் பட்டிருந்தால் அழுத்தித் துடைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.