சக்கரம் சொல்லும் சேதி – 14: எப்போது இழுக்கிறது?

"ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணிட்டேன் தம்பி. இன்னும் லெஃப்ட்டுக்கே இழுக்குது" என்று சாவியை என் கையில் வைத்தார் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எட்டு வருடம் ஓடிய சின்ன கார். மாதம் இரண்டு முறை மதுரையிலிருந்து திருச்சிக்கு, மகள் வீட்டுக்குப் போய்வருகிற வண்டி. எனக்கு வண்டி பார்க்கக் கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணனிடம் அவரைக் கூட்டிப்போனேன். அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை, ஜாக்கியை எடுக்கவில்லை. "எப்ப சார் இழுக்குது?" என்று மட்டும் கேட்டார்.

ஆசிரியர் யோசிக்க ஆரம்பித்தார். அதுவரை ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் நேரே அலைன்மென்ட் கடைக்குப் போவதுதான் நம் வழக்கம். இந்த வழக்கத்தை மாற்றச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நேராக ஓடும்போதா, பிரேக் மிதிக்கும்போதா, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதா? கிளம்பியதுமேயா, கொஞ்ச தூரம் ஓடிய பிறகா? இதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் சாலை. மழைநீர் வடிவதற்காக நம் தார்ச் சாலைகளை 100க்கு 2 முதல் 2.5 வரை சரிவு வைத்துத்தான் போடுகிறார்கள். 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் இடது ஓரம் ஏழெட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். அதில் ஸ்டியரிங்கைத் தளரவிட்டால் நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கம் நகரும். அது குறையே அல்ல. சரிவுக்கு எதிராக வலப்பக்கம் இழுத்தாலோ, நேராக வைக்கக் கை வலிக்கப் பிடிக்க வேண்டியிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

அடுத்தது காற்று. போன வாரம் சொன்னதேதான்: காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கி உருளும். வண்டி அந்தப் பக்கமே சாயும்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப்பாருங்கள். இழுப்பு மறுபக்கம் போனாலோ, மறைந்தாலோ குற்றவாளி டயர்தான். வீட்டில் வாய் அகன்ற டம்ளர் ஒன்றைப் படுக்கவைத்து உருட்டிப்பாருங்கள். அது நேராகப் போகாது, அடிப்பக்கமாகத் திரும்பி வட்டமடிக்கும். டயரின் உள்ளே பட்டைகள் கொஞ்சம் தள்ளி அமைந்துவிட்டால் புது டயரும் இப்படித்தான் உருளும். கண்ணுக்குத் தெரியாது, அலைன்மென்ட் மெஷினுக்கும் தெரியாது. பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் மட்டும் இடம் வலமாக மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

ஆசிரியரின் வண்டியில் காற்று சரி. டயரை மாற்றிப் போட்டும் இழுப்பு அதே பக்கம்தான். அதற்குள் அவருக்கு விடை கிடைத்திருந்தது. "காலைல எடுக்கறப்ப தெரியாது. மேலூர் தாண்டினா இழுக்க ஆரம்பிக்கும். பிரேக் அடிச்சா மட்டும் ரைட்ல போற மாதிரி இருக்கும்."

அண்ணன் முகம் மாறியது. ஒத்தக்கடை வரை ஓட்டிப்போய், பிரேக்கை அதிகம் மிதிக்காமல், வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு ஓரம் கட்டினார். முன் சக்கரங்களுக்குப் பக்கத்தில், தொடாமல், புறங்கையைக் கொண்டுபோனார். வலது சக்கரத்தில் லேசான சூடு. இடது சக்கரத்தில் அனல் அடித்தது; கருகின வாடையும் வந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிச் சூடு ஆறியதும் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினோம். வலது சக்கரம் லேசாகச் சுற்றியது. இடது, மாவாட்டுகிற மாதிரி கனத்தது. பிரேக் பேட்களை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பர் உள்ளும் வெளியுமாக நகர உதவுகிற ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை விடவில்லை. உரசி உரசிச் சூடேறி வண்டியை இடப்பக்கம் இழுத்தது. பிரேக் மிதிக்கும்போது அதே இறுக்கத்தால் இடப்பக்கம் முழுப் பிடிப்பு கிடைக்கவில்லை; வண்டி நல்ல பிரேக் இருக்கும் வலப்பக்கம் போனது. இதை நினைவில் வையுங்கள்: பிரேக் மிதித்தால் மட்டும் வண்டி ஒரு பக்கம் போனால், பழுது பெரும்பாலும் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருக்கும்.

பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டாலும் சக்கரம் இப்படி இறுகும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழியிருக்காது. பிளீடர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டுக் கிடந்தது என்று அர்த்தம்.

பிரேக்கிலும் குறை இல்லை என்றால் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், அதன் புஷ் கிழிந்திருக்கலாம். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம் என்று வண்டி அலைந்தால் முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். மெஷினில் கேம்பர், காஸ்டர், டோ என்று மூன்று கோணங்கள் வரும். முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். சைக்கிள் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதுபோன்ற சாய்வு காஸ்டர். இரண்டு சக்கரங்களும் ஒன்றை ஒன்று பார்க்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பது டோ. முன் சக்கரங்களின் டோ கெட்டால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். அது மட்டுமே வண்டியை இழுக்காது. இழுப்பது இடது வலது கேம்பரிலோ காஸ்டரிலோ உள்ள வித்தியாசம். நம் சின்ன கார்கள் பலவற்றில் கடையில் திருப்பிச் சரிசெய்ய முடிவது முன் டோ மட்டும்தான். மற்ற இரண்டும் தப்பாக வந்தால் எதுவோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் அச்சடித்துத் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று எண்களையும் இடது வலது ஒப்பிட்டுப் பாருங்கள்.

அண்ணன் கழற்றிய பேட்களை ஆசிரியரின் கையில் வைத்தார். வெளிப்பேட் பாதிகூடத் தேயவில்லை. உள்பேட் தேய்ந்து இரும்புத் தகடு தெரிந்தது. ஆசிரியர் நகத்தால் அதைத் தடவிப் பார்த்தார். "போன வாரம் பேரப்பிள்ளைங்க பின்னாடி உக்காந்திருந்தாங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பின்னைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் புது பேட் மாட்டிக் கொடுத்தபோது மாலை ஆகியிருந்தது.

உங்கள் வண்டி இழுத்தால், எந்தப் பக்கம் என்பதோடு எப்போது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

(அடுத்த வாரம்: டயர் தேய்ந்திருக்கும் விதத்தைக் கையால் தடவியே படிப்பது எப்படி?)