ஸ்கஸி காலமும் என்விஎம்இ காலமும்

2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புது சர்வர் வாங்கியவர்களுக்கு, டிஸ்க்கை இணைக்கப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான்: ஐடிஇ, ஸ்கஸி. ஐடிஇ மலிவு. ஒரு நாடா கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். ஒன்று வேலை செய்தால் மற்றது காத்திருக்கும். ஸ்கஸி விலை கூடியது. ஆனால் 16 பிட் பஸ்ஸில், கன்ட்ரோலர் போக 15 டிஸ்க் வரை மாட்டலாம். பல கட்டளைகளை ஒன்றாக வாங்கிக்கொண்டு, டிஸ்க்கின் படிக்கும் தலை அதிகம் அலையாத வரிசையில் அவற்றை முடித்துக் கொடுக்கும். நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் டிஸ்க்குகள் ஐடிஇ-யில் வரவே இல்லை.

அந்த வசதிக்காக ஸ்கஸியோடு மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி எண் கொடுக்க வேண்டும். பஸ்ஸின் இரு முனையிலும் டெர்மினேட்டர் இருக்க வேண்டும். ஒரு முனையில் விட்டுப்போனால் சிக்னல் மோதித் திரும்பும். இன்று தெரியும் டிஸ்க் நாளை காணாமல் போகும்.

வேகம் கூடக் கூட, பக்கம் பக்கமாக ஓடும் கம்பிகளில் பிட்டுகள் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. நொடிக்கு 320 மெகாபைட்டோடு பழைய ஸ்கஸி நின்றது. அதற்கு மாற்றாக, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக சீரியலாக அனுப்பும் சாட்டா 2003-இல் வந்தது, அடுத்து சாஸ். சாஸ் என்பது ஸ்கஸியின் கட்டளைகள் சீரியல் கம்பியில் ஓடுவதுதான். சாஸ் பேக்பிளேனில் சாட்டா டிஸ்க் பொருந்தும். சாட்டா இணைப்பில் சாஸ் டிஸ்க் பொருந்தாது. ஆர்டர் கொடுக்குமுன் இதைக் கவனிப்பது நல்லது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தபின் பெரிய திருப்பம். சாட்டாவின் ஏஹெச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள்; எஸ்எஸ்டியின் வேகத்துக்கு அது போதவில்லை. 2011-இல் வெளியான என்விஎம்இ, பிசிஐ எக்ஸ்பிரஸில் நேராக அமர்ந்து 65,535 வரிசைகள் வரை இடம் தருகிறது.

அன்று ஸ்கஸி என்றாலே சர்வருக்கான சரக்கு. இன்று இணைப்பின் பெயர் தரத்தைச் சொல்வதில்லை. லேப்டாப்புக்கான மலிவு எஸ்எஸ்டியும் என்விஎம்இதான். மின்சாரம் போகும் நொடியில் கையிலுள்ள டேட்டாவை எழுதி முடிக்கத் தேவையான கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. டேட்டாபேஸுக்கு அதை வைப்பது ஆபத்து.

என் தீர்ப்பு இதுதான்: டேட்டாபேஸுக்கு மின்தடைப் பாதுகாப்புள்ள என்விஎம்இ, மொத்தமாகச் சேர்த்துவைக்கும் பேக்கப்புக்கு சாட்டா அல்லது சாஸ் ஹார்டு டிஸ்க். விலை கேட்கும்போது, அந்தப் பாதுகாப்பு உண்டா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.