ஒரே ஆயா, இரு குடும்பங்கள்: வரி, ஊதியப் பொறுப்பு யாருடையது?

மைசூரு: வேலைக்குச் செல்லும் பெற்றோர் இருக்கும் இரு குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஆயாவைப் பணியமர்த்தினால் செலவு பாதியாகக் குறையும். ஆனால், சட்டப் பொறுப்பும் அவ்வாறே பாதியாகக் குறையுமா என்ற கேள்வி எழுகிறது.

எடுத்துக்காட்டாக, மைசூருவில் இரு குடும்பங்கள் தலா ரூ.10,000 வழங்குவதாகக் கொள்வோம். ஆயாவின் ஆண்டு வருமானம் ரூ.2.40 லட்சம். இது வருமான வரி விலக்கு வரம்புக்குள் இருப்பதால், ஊதியத்தில் வரிப் பிடித்தம் செய்யத் தேவையில்லை. கர்நாடகத்தில் மாத ஊதியம் ரூ.25,000-க்குக் குறைவாக இருந்தால் தொழில் வரியும் இல்லை. அதேநேரம், ஆயாவுக்கு வழங்கும் தொகையைப் பெற்றோர் தங்கள் ஊதிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் முடியாது.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே பொருந்தும். வீடுகள் அதன் வரம்பில் வருவதில்லை. எனவே ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ ஆயாவுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. 16 முதல் 59 வயது வரையிலான அமைப்புசாரா தொழிலாளர்கள், 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம்.

வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2004-ஆம் ஆண்டிலேயே கர்நாடக அரசு அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, 2025-இல் மாநில அரசு வெளியிட்ட வீட்டுப் பணியாளர் சமூகப் பாதுகாப்பு வரைவு மசோதா, கட்டாயப் பதிவு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் ஆகியவற்றுடன், பணியமர்த்துவோர் ஊதியத்தில் 5 சதவீதம் வரை நல நிதிக் கட்டணம் செலுத்தவும் வகை செய்கிறது. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் ரூ.500 வரை கூடுதல் செலவாகும். வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பு குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றமும் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது.

அமெரிக்காவில் இத்தகைய பகிர்வு முறையில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி முதலாளியாகவே கருதப்படுகிறது. குறிப்பிட்ட வரம்பைக் கடந்த ஊதியத்துக்கு இரு குடும்பங்களும் தனித்தனியே சமூகப் பாதுகாப்பு வரி செலுத்த வேண்டும்.

இந்தியாவில் வரிச் சுமை இல்லை என்பதால் ஒப்பந்தமும் தேவையில்லை எனக் கருதுவது சிக்கலுக்கு வழிவகுக்கும். ஒரு குடும்பம் வெளியூர் சென்றாலோ, பாதியில் விலகினாலோ, முதலில் பாதிக்கப்படுவது ஆயாவின் ஊதியம்தான். இதைத் தவிர்க்க, பணி நேரம், வார விடுமுறை, நோய்க்கால ஊதியம், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகியவற்றை மூன்று தரப்பும் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை வங்கிக் கணக்கு வழியாக நேரடியாகச் செலுத்தினால், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு ஆவணம் இருக்கும். பின்னாளில் தகராறு எழுந்தால், ஆயாவுக்கும் இரு குடும்பங்களுக்கும் அதுவே சான்றாக அமையும்.