வெள்ளிக்கிழமையும் மீல்மேக்கர் பிரியாணியும்



தவக்காலம் வந்தால் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கத்து அன்பியக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி: சுத்தபோசன நாளில் மீல்மேக்கர் பிரியாணி சாப்பிடலாமா? இப்போது சோயா 'சிக்கன்', செடியிலிருந்து செய்த 'முட்டை' என்று வீகன் உணவுகளும் கடைக்கு வந்துவிட்டன.

சட்டப்படி பதில் எளிது. திருச்சபைச் சட்டம் 1251 விலக்கச் சொல்வது இறைச்சியை. 14 வயது நிறைந்தவர்களை அது கட்டுப்படுத்துகிறது. மீல்மேக்கரோ, எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவை இயந்திரத்தில் சூடாக்கி, அழுத்திப் பிதுக்கி உலர்த்தியது. அதைச் சாப்பிட்டால் பாவமில்லை.

ஆனால் "இறைச்சி வேண்டாம் என்றவருக்கு இறைச்சியின் ருசி மட்டும் எதற்கு? இது போலித்தனம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இங்கே இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கூண்டில் அடைபட்ட கோழிக்காக மனமிரங்கி இறைச்சியை விட்டவர் விலக்கியது கொலையை, ருசியை அல்ல. எந்த உயிரையும் வதைக்காமல் அதே ருசி கிடைத்தால் அவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? சோயா என்று சொல்லி விற்கும்வரை அதில் பொய்யும் இல்லை. நம் நாட்டில் 2022-ல் வீகன் உணவுக்கென்றே தனி விதிமுறையும் முத்திரையும் வந்தன.

நாம் வெள்ளிக்கிழமை இறைச்சியை விடுவது அது தீயது என்பதால் அல்ல. நோவாவுக்குக் கடவுள் அதை உணவாகக் கொடுத்தார் (தொநூ 9:3). நமக்காகத் தம் உடலைக் கையளித்த ஆண்டவரை நினைத்து, நல்லதொன்றை, நமக்குப் பிடித்ததை விடுகிறோம். அந்த ருசியைத்தான் விடுகிறோம். அதையே வேறு பெயரில் தட்டில் வைத்துக்கொண்டால் விட்டது என்ன?

இது புதிய தந்திரமும் அல்ல. தவக்காலத்தில் பாலும் முட்டையும்கூடத் தடைசெய்யப்பட்டிருந்த இடைக்கால ஐரோப்பாவில், வசதி படைத்தோர் வாதுமைப் பாலும் வாதுமையில் செய்த போலி முட்டையும் சாப்பிட்டார்கள். நம் ஊரில் மீனுக்குத் தடையில்லை என்று காசிமேட்டு வஞ்சிரத்தை ஆட்டுக்கறி விலைக்கு வாங்கி வறுப்பவர்களும் உண்டு. (அவர்களோடு ஒப்பிட்டால் மீல்மேக்கர்காரர் எவ்வளவோ மேல்!)

ஒன்றை மறக்கக் கூடாது. நம் பங்கில் பல வீடுகளில் மீல்மேக்கர் தவக்கால உணவே அல்ல. கறி வாங்கக் காசில்லாத ஞாயிறுகளில் பிள்ளைகளுக்காகத் தாய்மார் ஆக்குவது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமையும் அதுவே கொதித்தால், யாரும் மூடியைத் திறந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டாம். அவர்களுடைய சுத்தபோசனம் வருடம் முழுவதும் நடக்கிறது. வசதியுள்ளவர்கள் அன்று சோறும் ரசமும் போதும் என்று வைத்து, கறிக்காகும் பணத்தைத் தவக்கால உண்டியலில் சேர்க்கட்டும். அது அடுத்த தெருவில் ஒரு வீட்டு அடுப்புக்குப் போய்ச்சேரும்.