செவிக்கு இமை ஏது?

கண்ணுக்கு எதனையும் காட்டாத ஒலி நாடகம் நம்மை அஞ்சச் செய்வது எவ்வாறு? அமெரிக்க எழுத்தாளர் றிச்சேட் மதிசன் 1954இல் வெளியிட்ட 'ஐ ஆம் லெஜன்ட்' நாவலில் இதற்கு விடையுண்டு. கொள்ளைநோயால் மாந்தர் இரத்தங்குடிக்கும் பேய்களாகிவிட்ட உலகில், லொஸ் ஏஞ்சலிஸில் நெவில் என்பவன் தனித்து எஞ்சி, சாளரங்களைப் பலகையால் அடைத்து வாழ்கின்றான். இரவுதோறும் முன்னாள் அயலவன் வெளியே நின்று பெயர்சொல்லி அழைக்கின்றான். அக்குரலை மறைக்க நெவில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடுகின்றான். கண்ணை மூடலாம், செவிக்கு இமையில்லை. இக்கதையை ஒலி நாடகமாக்குவோர்க்குப் பேயின் அலறல் வேண்டுவதில்லை. பழகிய குரல் பகைக்குரலாதலே போதும். கேட்போரும் அவ்வீட்டினுள் அடைபடுவர். முடிவிலோ, பகலில் உறங்குவோரைக் கொன்று திரிந்த நெவிலே புதிய சமுதாயத்தின் கண்ணுக்குப் பேயென அறிகையில், நாம் யார் பக்கம் நின்று செவிமடுத்தோம் என்னும் வினா எஞ்சுகின்றது.