கைப்பேசியும் கைமுதலும்

விலை ஏறுவதும் இறங்குவதும் சிலமலை மக்களுக்குப் புதிதன்று. 2019 ஆகஸ்டு மாதத்தில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை சென்ற ஏலக்காய், அடுத்த சில ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியதைப் போடிநாயக்கனூர் வட்டாரமே கண்டது. எனினும் ஏலக்காயை முகர்ந்து தரம் பார்க்கலாம். கைப்பேசித் திரையில் தோன்றும் பங்கை எப்படித் தரம் பார்ப்பது?

ஒரு காலத்தில் பங்கு என்பது காகிதப் பத்திரம். வாங்குவதற்கு நகரத்துத் தரகரை நாட வேண்டும். 1996இல் பங்குகளை மின்னணுக் கணக்கில் வைக்கும் முறை வந்தது. இன்று ஆதாரும், பான் அட்டையும், வங்கிக் கணக்கும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே கணக்குத் தொடங்கிவிடலாம். 2020 மார்ச்சில் நாட்டில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த இக்கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைக் கடந்தன. கைப்பேசிப் பழக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் விரலால் தொடத் தெரிவது வேறு. விவரம் அறிந்து முதலிடுவது வேறு. 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் பங்குகள் சார்ந்த முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் பணம் இழந்தனர் என்று 'செபி' 2024இல் அறிவித்தது. அவர்களின் சராசரி இழப்பு சுமார் 2 லட்சம் ரூபாய். நல்ல நிறுவனத்தில் பங்குதாரராகிப் பொறுத்திருப்பது வாணிபம். நொடிக்கு நொடி விலையைப் பந்தயம் கட்டுவது சூதின் வாசற்படி.

வட்டித் தொழிலையும் மதுவையும் விலக்கிய நிறுவனங்களுக்கென 'நிஃப்டி 50 ஷரீஆ' என்ற குறியீடு உண்டு. அதைப் பார்த்து, ஐயம் இருப்பின் மார்க்க அறிஞரைக் கேட்டுத் தெளிவது நன்று.

இன்னொன்று, சகோதரிகளே! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் நாட்டில் 100க்கு 54 பேரே. வீட்டின் சேமிப்பு முழுவதும் மகனின் கைப்பேசியில் இருந்து, அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அதைத் திறந்து பார்க்கவே தெரியாவிட்டால், அது குடும்பத்தின் முதலீடு ஆகுமா? மாதம் ஒருமுறை கணக்கை அனைவரும் சேர்ந்து பாருங்கள். நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். பணம் இரட்டிப்பாகும் என்று வரும் வாட்ஸ்அப் அழைப்புகளைப் புறக்கணியுங்கள். ஏமாந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

மலையேறி உழைத்துச் சேர்த்த காசு அது. அதன் கணக்கு வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.